கறள் பிடித்த கார், ஆளில்லாத வீடு: படம் பிசகினால் எங்கே பார்ப்பது

திருகோணமலைப் பக்கம் பழைய கார்களையும் இடிந்த வீடுகளையும் எடுக்கப் போகிற தம்பிமார் எனக்கு அனுப்பும் படங்களில் திரும்பத் திரும்ப அதே சில பிழைகள்தான் வருகின்றன, அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதை விட்டு, படத்தில் தெரிகிற குறையை வைத்து இங்கே எழுதுகிறேன். உங்கள் படத்துக்குரிய இடத்தை மட்டும் வாசித்தால் போதும். இந்த அடுத்த பந்தியை மட்டும் எல்லாரும் வாசியுங்கள்.

கமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் காரைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து, கறள் எந்தப் பக்கத்தால் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் கறள் வரும், உப்பும் கூடச் சேர்ந்தால் அது இன்னும் வேகமாகத் தின்னும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலோரமாகப் போகப் போக, ஒரே காரின் கடல் பார்த்த பக்கம் செதில் செதிலாக உரிந்தும் வீட்டுப் பக்கம் பழைய வர்ணத்தோடும் நிற்பதைக் காணலாம். மழைத் தண்ணீர் தேங்குகிற இடங்களில்தான் முதலில் ஓட்டை விழும்: கதவின் அடி, மட்காட்டின் உள்மடிப்பு, முன்கண்ணாடி றப்பரின் கீழ்ப்பக்கம். கறள் வந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டால் எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழவேண்டும் என்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் வந்துவிடும். கட்டடமும் அப்படித்தான். இரும்பு கறள் பிடிக்கும்போது பருத்து ஊதும், அதனால்தான் கொங்கிறீட் தூணுக்குள் இருக்கும் கம்பி தூணையே பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியாமல் எடுத்த படம் வெறும் உடைந்த தூணின் படமாகவே இருக்கும்.

கறளின் நிறம் செத்துப்போய், சாம்பல் கலந்த மண்ணிறமாக வருகிறது

இதுதான் அதிகமாக வருகிற முறைப்பாடு. காரணம் கமராவின் தானியங்கி வைட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்கிற அமைப்பு. படச் சட்டம் முழுக்கச் செம்மஞ்சள் நிறைந்திருப்பதைப் பார்த்த கமரா, இது மஞ்சள் மின்குமிழ் வெளிச்சமாக்கும் என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடுகிறது, நீங்கள் எதற்காக அங்கே போனீர்களோ அந்த நிறத்தையே அது பிழை என்று திருத்திவிடுகிறது. தானியங்கியை நிறுத்திவிட்டுப் பகல் வெளிச்சம் என்பதில் வையுங்கள், 5200 முதல் 5500 கெல்வின் வரை. கார் மர நிழலில் நின்றால் நிழல் என்ற அடையாளத்துக்கு மாற்றுங்கள், 7000 கெல்வின் அளவில் இருக்கும். ஃபோனில் புரோ என்ற முறைக்குப் போனால் இதே இலக்கங்கள் அங்கேயும் இருக்கும். கமராவாக இருந்தால் ரோ கோப்பாக, அதாவது கமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள், பிறகு வீட்டில் இருந்து ஆறுதலாக மாற்றலாம்.

அப்படியும் நிறம் எழும்பவில்லையா? மழை பெய்யட்டும். நனைந்த கறள் காய்ந்த கறளைவிடக் கருமையாகவும் ஆழமாகவும் தெரியும், மேலே படிந்த புழுதியும் கழுவுப்பட்டுப் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் மாரி, அந்த மாதங்களில் மழை விட்டு அரை மணித்தியாலத்துக்குள் போய் நின்றீர்கள் என்றால் எந்தத் திருத்த வேலையும் தேவைப்படாது. கோடையில் அதே கார் புழுதி மூடி ஒரே நிறமாக நிற்கும். போத்தல் தண்ணீரை ஊற்றி நனைத்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், காரின் சொந்தக்காரரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள், அவருக்கு அது இன்னும் கார்தான்.

நேர்மாறாக, கறள் தீப்பிடித்தது போல எரிகிறது, உள்ளே ஒரு விபரமும் இல்லை

சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. வெயிலில் நிற்கும் புதுக்கறளில் சிவப்பு மற்ற இரண்டு நிறங்களுக்கும் முன்னால் எல்லையைத் தொடும், ஆனால் படத்தின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம், வெள்ளைக் கோடாகத் தெரியும் சாதாரண வகையானால், எல்லாம் சரி என்றே காட்டும். மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டொப் குறையுங்கள் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரண்டு மடங்காகும்). ஃபோனில் படமெடுக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, கீழே இழுத்து இருட்டாக்குங்கள். காட்சியைத் தானே அழகாக்கும் வசதி ஃபோனில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், அது செம்மஞ்சளைக் கண்டவுடன் மாலை வானம் என்று நினைத்து ஏற்றிவிடும்.

கார் முழுக்கப் பச்சை பூசின மாதிரி இருக்கிறது

மரத்தின் கீழ் நிற்கிறது, அவ்வளவுதான். இலைகளால் வடிந்து வரும் வெளிச்சம் பச்சை, அது பழைய வெள்ளைக் காரிலும் சாம்பல் காரிலும் நன்றாகப் பிடிக்கும். வைட் பேலன்ஸில் பச்சைக்கும் மஜெண்டாவுக்கும் (ஊதா கலந்த சிவப்பு) நடுவில் ஓடும் மற்றக் கோட்டை மஜெண்டாப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். ஒரு வெள்ளை வேட்டியைக் காருக்கு இந்தப் பக்கம் இருவர் விரித்துப் பிடித்தாலும் நல்ல வெளிச்சம் திரும்பும், நான் பல தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கண்ணாடிக்குள்ளே ஒன்றும் தெரியவில்லை, வானமும் மரமும்தான் தெரிகிறது

போலரைசர் வேண்டும், பிரதிபலிப்பை அடக்குகிற வடிகட்டிக் கண்ணாடி அது. லென்ஸில் மாட்டி மெதுவாகச் சுழற்றுங்கள், ஒரு கட்டத்தில் வானம் விலகி ஸ்டியரிங்கும் கிழிந்த இருக்கையும் எழும்பி வரும். கண்ணாடிக்கு நேர் முன்னால் நின்றால் இது வேலை செய்யாது, பக்கவாட்டில் சரிந்து நிற்கவேண்டும்: கண்ணாடிக்கு நேர்க்குத்தாக ஒரு கோடு போட்டால் அதிலிருந்து 55 பாகை வாக்கில். கறளிலும் வர்ணத்திலும் படியும் மினுக்கத்தையும் இது எடுத்துவிடும், ஆனால் குரோம் பூசின பம்பரில் தெரியும் பிரதிபலிப்பை ஒன்றும் செய்யாது, வெறும் உலோகத்தில் போலரைசர் எடுபடாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தை இது விழுங்கும் என்பதையும் கணக்கில் வைத்திருங்கள். போலரைசர் இல்லாவிட்டால் கறுப்புத் துணியைக் கமராவுக்குப் பின்னால் பிடியுங்கள், கண்ணாடியில் அந்தத் துணியின் கறுப்பு விழுகிற இடத்தில் உள்ளே தெரியும்.

சுவர் தட்டையாக இருக்கிறது, உரிந்த வர்ணமும் பூச்சும் தெரியவில்லை

வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து நேராகச் சுவரில் அடிக்கிறது. உரிவு, வெடிப்பு, செதில் எல்லாம் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகவேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு சின்ன நிழல் விழும். இதற்கு எங்கள் ஊரின் அமைப்பைத் தெரிந்துவைத்தால் நேரம் மிச்சம்.

நிலாவெளி றோட்டில் வடக்கே போனால் கடல் வலது கைப்பக்கம், அதாவது கிழக்கு. றோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் வீடுகளின் முகப்பு பெரும்பாலும் றோட்டை, அதாவது மேற்கைப் பார்த்திருக்கும். காலையில் போனால் அந்த முகப்பு முழுக்க நிழலில் இருக்கும், பின்னால் வானம் வெளுத்துப்போகும். அதே வீட்டுக்குப் பின்னேரம் நாலே முக்காலுக்குப் பிறகு வாருங்கள். றோட்டுக்கு மற்றப் பக்கம் இருக்கும் வீடுகளுக்குக் காலை ஆறரை. இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அது முகப்பில் நேராக விழும் வெயில், உரசும் வெயிலுக்கு நண்பகலை யாரும் நினைப்பதில்லை, நண்பகல் வெயில் படத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது, அதனால் வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரலில் புத்தாண்டுக்கு முந்திய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும், பன்னிரண்டு மணி கழிந்து சில நிமிடங்களில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களில் நிமிர்ந்த எந்தச் சுவரைப் பார்த்தாலும் வெளிச்சம் மேலிருந்து கீழாகச் சுவரை உரசிக்கொண்டுதான் இறங்கும். உரிந்த சுண்ணாம்பின் ஒவ்வொரு விளிம்பும் தனக்குக் கீழே ஒரு கோடு போடும், ஆணி அடித்த ஓட்டைகூடக் கண்ணீர் வடிந்த மாதிரி நீள நிழல் விட்டு நிற்கும். பத்து நிமிடம்தான். ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே போய்விடும், வருடம் முழுக்க இருட்டிக் கிடக்கும் வடக்குச் சுவர்களுக்கு அந்த மாதங்களில்தான் உரசும் வெயில் கிடைக்கும். பாசி பிடித்த சுவர் எடுக்க விரும்புகிறவர்கள் இதைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் பாசி பிடிக்கிற சுவர் பெரும்பாலும் அந்த வடக்குச் சுவர்தான்.

உள்ளே போகலாமா, யாரும் தடுப்பார்களா

இது படத்தின் குறை இல்லை, ஆனால் கேட்காமல் போய்ச் சிக்கலில் மாட்டினவர்களை எனக்குத் தெரியும், அதனால் வீட்டுக்குள் எடுப்பதைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லியாகவேண்டும். இங்கே ஆளில்லாத வீடு என்றால் சொந்தக்காரர் இல்லாத வீடு என்று அர்த்தமில்லை. சண்டையில் இடம்பெயர்ந்து போனவர்களின் வீடு, 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது விட்டுப்போன வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க காணி உறுதி மட்டும் பெட்டிக்குள் இருக்கும் வீடு. பக்கத்து வளவில் யாராவது கட்டாயம் இருப்பார்கள். போய், 'அம்மா, இந்த வீடு ஆற்ற? ஒரு படம் எடுக்கலாமோ?' என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் ஓம் என்பார்கள், அதோடு அந்த வீட்டின் கதையும் வரும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள், ஒரு படத்துக்காகவும் அதைத் தாண்டாதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் பற்றைக்குள் இறங்காமல் ஆள் நடந்து தேய்ந்த பாதையிலேயே நில்லுங்கள், அடையாளம் தெரியாத இரும்பு எதையும் கையால் தொடாமல் பொலிஸின் 119க்கு அறிவியுங்கள். கட்டில்லாத கிணறு புல்லுக்குள் மறைந்து கிடக்கும், முன்னால் ஒரு தடியைத் தட்டிக்கொண்டு போங்கள், அந்தச் சத்தத்துக்குப் பாம்பும் விலகிவிடும். காரின் பொனற்றைத் தூக்கும்முன் இரண்டு தட்டுத் தட்டுங்கள், குளவி கூடு கட்டுவதற்கு அதைவிட நல்ல இடமில்லை.

படையினர் இருக்கும் இடங்கள் வேறு கதை. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் நிற்கின்றன, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்துபோன தாங்கியின் உருகின இரும்பும் அங்கேதான் கிடக்கிறது. கறளை விரும்புகிற எவருக்கும் அதைப் பார்க்க மனம் துடிக்கும், எனக்கும்தான். ஆனால் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள், வேலிக்கு வெளியே நின்று நீள லென்ஸால் எட்டிப் பார்க்காதீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அப்படித்தான், கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையில் யாரும் நடக்கலாம், அதற்காகக் காவல் நிலையையும் படையினரையும் படமெடுக்கலாம் என்று இல்லை.

வீட்டுக்குள் எடுத்தால் யன்னல் வெள்ளை, அறை கறுப்பு

வெளியே இருக்கும் வெயிலுக்கும் உள்ளே இருக்கும் இருட்டுக்கும் உள்ள தூரம் ஒரு படத்துக்குள் அடங்காது. ட்ரைபொட்டில் வைத்து மூன்று படம் எடுங்கள், ஒன்று இரண்டு ஸ்டொப் குறைவாக, ஒன்று அளவாக, ஒன்று இரண்டு ஸ்டொப் கூட, பிறகு சேர்க்கலாம். சேர்க்கும்போது யன்னல் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் வந்தால் அளவுக்கு மிஞ்சிவிட்டீர்கள். இதைவிட எனக்குப் பிடித்த வழி, சூரியன் இறங்கி வெளி வெளிச்சம் உள் வெளிச்சத்தோடு சமமாகிற அந்த இருபது நிமிடம் காத்திருப்பது. அப்போது ஒரே படத்தில் இரண்டும் வரும், அறையின் இருட்டும் இருட்டாகவே இருக்கும். ஆளில்லாத அறை இருட்டாகத்தான் இருக்கவேண்டும், மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம் போட்டால் விற்பனைக்கு விட்ட வீடு மாதிரி ஆகிவிடும்.

காரின் மூக்கு வீங்கியிருக்கிறது, வீடு பின்னால் சாய்கிறது

இரண்டும் மிகக் கிட்ட நின்று அகல லென்ஸால் எடுத்ததால் வருவது. பின்னால் போய் 50 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பாவியுங்கள், ஃபோன் என்றால் இரண்டு மடங்கு லென்ஸ். வீட்டுக்குக் கமராவை மேலே அண்ணாந்து பிடிக்காமல் மட்டமாகப் பிடியுங்கள், கீழே றோட்டு அதிகம் வந்தால் பிறகு வெட்டலாம். வீடு உண்மையிலேயே சாய்ந்திருந்தால் அதைக் கணினியில் நிமிர்த்தாதீர்கள். எது சாய்ந்தது என்ற சந்தேகம் வந்தால், படத்தில் கடல் தெரிகிறதா என்று பாருங்கள், கடல் கோடு மட்டமாக இருந்தால் சாய்ந்தது வீடுதான்.

படம் முழுக்கப் பால் ஊற்றினது போல மங்கல்

ஏசி பஸ்ஸிலிருந்தோ ஹோட்டல் அறையிலிருந்தோ இறங்கின உடனே எடுத்ததா? லென்ஸில் பனி பிடித்திருக்கிறது. துடைக்காதீர்கள், பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வெளியே வையுங்கள், சூடு சமமானதும் தானாகப் போய்விடும். அப்படி இல்லையென்றால் உப்பு. வாடைக்காற்று மாதங்களில் கடலிலிருந்து வரும் தூவானம் கண்ணுக்குத் தெரியாமல் லென்ஸின் முன்கண்ணாடியில் படியும், கச்சான் காலத்தில் அதற்குப் பதில் செம்புழுதி. முதலில் ஊதுகுழலால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் துணியைக் கொஞ்சம் ஈரமாக்கித் துடையுங்கள். சேட்டு நுனியால் தேய்த்தால் உப்போடு ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறும். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் பூஞ்சணமும் வராது.

புல் கூர்மையாக இருக்கிறது, கார் மங்கல்

ஃபோகஸ் புள்ளியை ஒன்றாக்கி, காரின் இலச்சினையிலோ கதவுப் பிடியிலோ வையுங்கள். காற்று அடிக்கும்போது புல் ஆடும், அது ஆடட்டும், லென்ஸின் துவாரத்தை எஃப்8இல் வைத்துக் காரைப் பிடியுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் படத்தில் ஒன்றும் இல்லை

இதற்குக் கமராவில் திருப்ப ஒரு பொத்தானும் இல்லை. சாம்பல்தீவுப் பக்கம் ஒரு வளவில், வேப்பமரத்தின் கீழ் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும், அப்படியென்றால் 1956க்குப் பிந்தியது இல்லை, அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு ஒரே வளைந்த கண்ணாடி. மூன்று தடவை போய் நாற்பது ஐம்பது படம் எடுத்திருப்பேன். நிறம் சரி, வெளிச்சம் சரி, பார்க்க வேறு எந்தக் கறள் காரின் படம் போலவும் இருந்தது. நாலாம் தடவை வீட்டு அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, 'உள்ளுக்கும் பாருமன் தம்பி, ஏன் வெளியிலயே நிக்கிறீர்?' என்று கதவைத் தானே இழுத்துத் திறந்தார்.

குனிந்து பார்த்தேன். கிளச் பெடலின் றப்பர் முழுதும் தேயவில்லை, இடது மூலை மட்டும் தேய்ந்து அடியில் இருந்த இரும்பு வெளியே வந்திருந்தது. அந்த மூலை மழமழவென்று வழுக்கலாகத் தேய்ந்து, அதன்மேல் மெல்லிய ஒரு கறள் படலம், பக்கத்து பிரேக் பெடலிலோ கறள் தடித்துச் செதிலாக நின்றது. அம்மாவும் எட்டிப் பார்த்தார். 'அவருக்கு ஒரு கால் கொஞ்சம் ஏலாது. சரிச்சுத்தான் மிதிப்பார்' என்றார்.

நான் தரையில் படுத்து, எதிர்க் கதவால் வந்த வெளிச்சத்தில், அந்தப் பெடலை மட்டும் எடுத்தேன். எஃப்5.6, நொடியில் எட்டில் ஒரு பங்கு, கமராவை ஒரு செங்கல்லில் வைத்து இரண்டு நொடி டைமர். அதற்குப் பிறகு எந்தக் காருக்குப் போனாலும் மனிதக் கை பட்டுத் தேய்ந்த இடத்தைத்தான் முதலில் தேடுகிறேன்: கியர் தடியின் குமிழ், சாவித் துவாரத்தைச் சுற்றிய கீறல், கதவின் மேல் விளிம்பில் முழங்கை வைத்து வைத்து வர்ணம் போன இடம். வீட்டிலும் உண்டு, வாசற்படியின் நடுவில் விழுந்த குழி, கப்பிக் கயிறு அறுத்த கிணற்றுக் கட்டு, பிள்ளைகளின் உயரம் குறித்த கதவு நிலை. மழையும் உப்பும் தின்றது எல்லாக் காரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆள் தேய்த்த இடம் ஒவ்வொன்றிலும் வேறு. உங்கள் படம் வெறுமையாகத் தெரிந்தால் பின்னுக்குப் போகாதீர்கள், கிட்டப் போங்கள்.

அடுத்த கிழமை எட்டுக்குப் பத்து அங்குல அளவில் ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்துவிட்டு, காரின் நம்பரையும் ஒருக்கா எடுத்துத் தரச் சொன்னார், தனக்கு மனப்பாடமாக இருந்தது மறந்து போச்சாம். பின் தகடு, இலங்கை நம்பர்களில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தியது, ஆங்கில எழுத்துகள், கையால் எழுதினது, நேராகப் பார்த்தால் கறளைத் தவிர ஒன்றுமில்லை. பொழுது படும்வரை இருந்து, டோர்ச்சைத் தகட்டோடு ஒட்டினமாதிரிப் பக்கவாட்டில் பிடித்தேன். வர்ணத்தின் நிறம் போயிருந்தாலும் தூரிகை போட்ட தடிப்பு மிச்சம் இருந்தது, அது நிழலாக எழும்பி ஒவ்வொரு இலக்கமாகத் தெரிய, நான் வாசிக்கும்முன் அம்மா சொல்லத் தொடங்கிவிட்டார்.